மூடாத வட்டம்

ஆடத் தெரியாதவரைக்கூட ஆட வைத்துவிடலாம். சாப்பிட வந்தவரை நாற்காலியிலிருந்து எழுப்புவதுதான் எங்கள் தொழிலில் கஷ்டம். படித்துக்கொண்டே வேலை பார்த்தவர்களே, அந்த வேலைக்காக வீட்டில் சண்டை போட்டவர்களே, உங்களுக்குப் புரியும். துபாயில் ஒரு கிரேக்க உணவகத்தில், வியாழக்கிழமை மாலைகளில், உணவு பரிமாறிக்கொண்டே ‘கலமத்யானோஸ்’ என்ற கிரேக்க நடனம் ஆடுவது என் பார்ட்-டைம் வேலை.

“ஹோட்டல்ல ஆடவா உன்னை யுனிவர்சிட்டிக்கு அனுப்பினேன்?” என்றார் அப்பா. பெண் ஆடினால் மட்டும் எந்தக் கௌரவம் எங்கே போகிறது என்று நான் கேட்டேன். பேசிப் பேசி அவர் களைத்துப்போனதில், ஒரு செமஸ்டருக்கு மட்டும் அனுமதி கிடைத்தது. முதலாளி எலேனி மேடமோ, வாடிக்கையாளர்கள் எழுந்து வராவிட்டால் ஆட்டத்தையே நிறுத்திவிடுவேன் என்றார். ஆட்டம் நின்றால் வேலை போகும். வேலை போனால் அப்பா ஜெயித்துவிடுவார். அதை மட்டும் என்னால் தாங்க முடியாது.

கும்மிக் கை

ஆட்டம் இதுதான். கை கோத்த வரிசை வலப்பக்கமாக நகரும். ஒரு நீண்ட அடி, இரண்டு குட்டி அடி. வலது ஓரத்தில் இருப்பவர் தலைவர். கைக்குட்டையைச் சுழற்றி வரிசையை இழுத்துப் போவார். வரிசை வட்டமாக வளையும், ஆனால் மூடாது. முதல் ஒத்திகையில் நான் வால். வருஷா வருஷம் தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் விழாவில் முழு வட்டமாக நின்று கும்மியடித்த கை சும்மா இருக்குமா? தலைவராக ஆடி என் முன்னால் வந்த எலேனி மேடத்தின் கையைக் கைக்குட்டையோடு பிடித்துவிட்டேன். தலைவருக்குப் போக வழியில்லை, மொத்த வரிசையும் முட்டி நின்றது.

வட்டம் என்றால் முழுசாகத்தானே இருக்க வேண்டும் என்று அங்கேயே வாதத்தை ஆரம்பித்தேன். என்னோடு பரிமாறுகிற யாழ்ப்பாணத்துச் சுகந்தி அக்கா மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார்: “பிள்ளை, கதவைச் சாத்திப்போட்டு ஆரை உள்ளுக்க வரச்சொல்லப் போறீர்?”

யாருடைய தாளம்?

அல் ஐனில் கடை வைத்திருக்கும் தமிழர் ஒருவர் மனைவியோடு வந்திருந்தார். கூப்பிட்டதற்கு எழவில்லை, உபதேசம் செய்தார். “நம்ம கலையெல்லாம் இருக்க, வெள்ளைக்காரன் ஆட்டம் எதுக்கும்மா?” எனக்குச் சுர்ரென்றது. “நீங்க சாப்பிடற கத்திரிக்காய் முசாக்காவை உள்ளே செய்தது சிவகங்கைக்காரர். அதையும் திருப்பி அனுப்பிடவா சார்?” என்றேன்.

அவர் மேனேஜரைக் கூப்பிடக் கையைத் தூக்கினார். அதற்குள் அவர் மனைவி மேசையில் விரலால் ‘தகிட தகதிமி’ என்று தட்ட ஆரம்பித்திருந்தார். இசை அப்படியே அதில் உட்கார்ந்தது. இரண்டுக்கும் ஏழே எண்ணிக்கை என்று எனக்கே அன்றுதான் தெரிந்தது. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்தவர் கணவரிடம் சொன்னார்: “இது நம்ம மிஸ்ர சாபு தாளங்க. வீட்ல நான் பாடறப்போ காது குடுத்திருந்தா தெரிஞ்சிருக்கும்.”

துணி தூரம்

ஒரு கட்டுமானக் கம்பெனியின் விருந்து. தொழிலாளர் கேம்ப்பிலிருந்து வந்த நம்மூர் அண்ணன்கள் சுவரோரம் ஒட்டி நின்றார்கள். பெண் கையைப் பிடிக்க மாட்டார்களாம். ஏன், ஒட்டிக்கொள்ளுமா என்று சண்டைக்குப் போனேன். புதுக்கோட்டைக்காரரான ஃபோர்மேன் சங்கடமாகச் சிரித்தார். “அதில்ல தங்கச்சி. போட்டோ ஊருக்குப் போச்சுன்னா, வீட்ல என் போனை எடுக்க மாட்டா.”

அதற்கும் கிரேக்கர்களிடம் வழி இருந்தது. தலைவரும் அடுத்தவரும் கைக்குப் பதில் கைக்குட்டையின் இரு முனைகளைப் பிடித்துக்கொள்வது அவர்கள் வழக்கம்தான். நாங்கள் மேசை நாப்கின்களை எடுத்து, ஆளுக்கு ஆள் நடுவில் ஒன்று கொடுத்தோம். வரிசை கொடிக்கயிற்றில் துணி காய்வது மாதிரி இருந்தது. ஃபோர்மேன் தன் முனையை உயரத் தூக்கிக் காட்டி, போன் கேமராவோடு நின்ற கூட்டாளியிடம் கத்தினார்: “பாய், இப்ப எடு போட்டோ!”

அப்பா வந்த வியாழன்

செமஸ்டர் முடிந்தது. என்னைக் கையோடு அழைத்துப் போக அப்பா வந்து, ஓர் ஓர மேசையில் சாயாவை ஆறவிட்டு உட்கார்ந்தார். தலைவரின் கைக்குட்டை அன்று என்னிடம். ஒரு மேசைகூட எழவில்லை. எலேனி மேடம் கல்லாவிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கைக்குட்டையை இன்னும் வேகமாகச் சுழற்றினேன்.

வாலில் ஆடிக்கொண்டிருந்த சுகந்தி அக்கா, அப்பாவின் மேசையைக் கடக்கும்போது நாப்கின் முனையை நீட்டினார். “அண்ணை, பிள்ளையின்ர வேலை இண்டைக்கு உங்கட கையில.” அப்பா என்னைப் பார்த்தார், மேடத்தைப் பார்த்தார், முனையைப் பிடித்தார். கால் எல்லாம் தப்பு. ஒரு சுற்று வந்த பிறகு, மேசைகளையெல்லாம் பார்த்து முறைத்துக்கொண்டே என்னிடம் கத்தினார்: “ஏம்மா, என் இந்தக் கை சும்மா தொங்குது! யாரையாவது வந்து பிடிக்கச் சொல்லு!”

மூன்று மேசை எழுந்தது, பட்டம் வாங்கும்வரை வேலையும் நிலைத்தது; என் அத்தனை வாதத்தாலும் முடியாததை அக்கா ஒரு நாப்கின் முனையால் முடித்தார் என்பதை நன்றியோடும், கொஞ்சம் கடுப்போடும் ஒப்புக்கொள்கிறேன்.