மகளிர் தினத்தில் ஸ்ரீஸ்கந்தராஜா அண்ணை வாசித்த உரை

எங்கள் சங்கத்தில் மகளிர் அணி என்று ஒன்று இருக்கிறது. அதற்குப் பொறுப்பாளர் ஸ்ரீஸ்கந்தராஜா அண்ணை. பெண்களுக்கு நேரமில்லையாம், அதனால் அந்தப் பாரத்தைத் தானே சுமக்கிறாராம். பாவம் மனுசன், சங்கத் தலைவர் பதவியோடு இதையும் தூக்கிக்கொண்டு திரிகிறார்.

நான் சொல்ல வந்தது அம்பிகாவைப் பற்றி. ஆனால் பேர்லினில் எங்கள் நொய்கெல்ன் பகுதியில் யாரைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினாலும் முதலில் அண்ணை வந்து முன்னுக்கு நின்றுவிடுவார்.

அம்பிகாவும் நானும் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் பத்தொன்பது வருடமாக ஒன்றாக வேலை செய்கிறோம். எண்பத்தேழில் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கியபோது அவளுக்குப் பத்தொன்பது வயது. ஜெர்மன் மொழியை மளமளவென்று பிடித்துவிட்டாள். பிறகு வந்தவர்களுக்கு அகதி விண்ணப்பம் எழுதிக் கொடுத்தது அவள்தான். அவர்களுக்கு விசா கிடைத்தது, வீடு கிடைத்தது, அதன்பிறகு மேடை தேவைப்பட்டது. மேடைக்கு உரை வேண்டாமா? திரும்பவும் அவளிடமே வந்தார்கள்.

பொங்கல் உரை, அஞ்சலி உரை, பரிசளிப்பு உரை எல்லாம் அவள் கை. சங்கத்தின் வெள்ளிவிழா மலரில் பதினொரு ஆண்களின் படமும் பதினொரு வாழ்த்துச் செய்தியும் வந்தன. பதினொன்றையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் எழுதி முடித்தாள். அதில் நாலு, தாய்க்குலத்தின் தியாகத்தைப் போற்றின. அவளுடைய பெயரும் மலரில் வந்தது, இல்லையென்று சொல்லக்கூடாது. கடைசிப் பக்கத்தில், "சிற்றுண்டி உதவி: திருமதி யோகலிங்கம்".

போன வருடம் அவளுடைய மகள் கவிசா பல்கலைக்கழகத்தில் ஒரு கட்டுரை எழுதினாள். பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பெண் உரிமை கேட்டு எழுதிய பெண்களைப் பற்றியது. அதைத் தாய் வாங்கி பஸ்ஸில் வாசித்து முடித்துவிட்டு, உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே எனக்குச் சொன்னாள்.

"பிளோறன்ஸ், கலியாணம் கட்டினால் சட்டத்துக்கு ரெண்டு பேரும் ஒரு ஆளாம். அந்த ஒரு ஆள் புருசனாம்."

"அதுக்கு ஏன் இங்கிலாந்துக்குப் போறாய்? உன்ரை வீட்டிலை பார்" என்றேன்.

"புத்தகம் எழுதினாலும் கனபேர் சொந்தப் பேர் போடமாட்டினமாம். ‘ஒரு சீமாட்டி எழுதியது’ எண்டுதான் போடுறதாம். பெண்பிள்ளையளைப் படிப்பிச்சுப்போட்டுப் பிறகு மூளை இல்லையெண்டு சொல்லுங்கோ எண்டு கேட்டிருக்கினம். ஆம்பிளையள் சிரிச்சிருக்கினம்."

பெட்டைக்கோழி கூவி விடியாது என்று நம்மவர்கள் சொல்வதுபோல அவர்களும் ஏதோ சொல்லித்தானே சிரித்திருப்பார்கள்.

அடுத்த மாதம் அண்ணை மகளிர் தினத்துக்கு உரை கேட்டு வந்தார். அந்த இங்கிலாந்துப் பெண்களைப் பற்றியே எழுதித் தருவதாகச் சொன்னாள். பிறகு, முப்பது வருடத்தில் முதல்தடவையாக, தனக்கென்று ஒன்று கேட்டாள்.

"அண்ணை, எழுதினது நான் எண்டு ஒருக்கால் சொல்லிவிடுங்கோ."

"பேரிலை என்ன பிள்ளை இருக்கு? எல்லாம் சமூகத்துக்குத்தானே" என்றார் அவர். தன் பெயரை அழைப்பிதழில் மூன்று இடத்தில் போட்டிருந்த மனுசன். பக்கத்தில் இருந்த அவளுடைய புருசன் யோகலிங்கமும் வாய் திறந்தார். "வீட்டுக்கு என்ரை பேர் ஒண்டு காணுமப்பா."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. அவளோ தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து அனுப்பினாள். பிறகு கம்ப்யூட்டரில் பெரிய எழுத்தில் உரையை அடித்தாள். கடைசிப் பக்கத்தை நான் இரண்டு தரம் வாசித்தேன்.

"அடியே, அவர் பாத்தால்?"

"பாக்கமாட்டார். ஒருக்காலும் முன்கூட்டி வாசிச்சதில்லை."

மார்ச் எட்டு பேர்லினில் விடுமுறை. ஆகவே பெண்கள் எல்லோரும் காலை ஏழு மணிக்கே மண்டபத்துக்கு வந்து முந்நூறு ரோல்ஸ் பொரித்தோம். பெண்ணின் பெருமை பேசும் நாளல்லவா.

அண்ணை மேடையேறினார். குரல் கணீரென்று இருந்தது. பெண்ணின் உழைப்பைத் தன் பெயரில் போட்ட அந்தக் கால இங்கிலாந்துக் கணவர்களை வெளுத்து வாங்கினார். "வெட்கம், வெட்கம்" என்று மேசையில் குத்தினார். முன்வரிசை ஆண்கள் கைதட்டினார்கள், யோகலிங்கம் எல்லோரையும்விட உரக்க. அண்ணை உற்சாகத்தோடு கடைசிப் பக்கத்தைப் புரட்டினார்.

"அந்த வெட்கம் இங்கேயும் உண்டு. முப்பது ஆண்டுகளாக நான் வாசித்த உரைகளில் ஒன்றைக்கூட நான் எழுதவில்லை. எழுதியவரின் பெயர்..."

அங்கேதான் மூளை வாயை எட்டிப் பிடித்தது. மனுசன் தாளைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். தாளில்லாமல் இரண்டு வசனம் பேசிப் பழக்கமில்லை.

"பெயர்... முக்கியமில்லை. நேரமும் போட்டுது. சாப்பாடு ஆறுது."

சமையலறை வாசலில் நின்ற அம்பிகா மாவுக்கையோடு நடந்தாள். "சாப்பாடு ஆறட்டும் அண்ணை" என்று சொல்லிக்கொண்டே மேடையில் ஏறி மைக்கை வாங்கினாள்.

"எழுதினது நான். அம்பிகா யோக..." என்று பழக்கத்தில் தொடங்கினாள். நிறுத்தினாள். "அம்பிகா. அவ்வளவுதான்."

நான் அழுதேன். மறைப்பானேன்? பெண்கள் எழும்பி நின்று கைதட்டினார்கள்.

மறுநாள் சங்கத்து வட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது: "பெண்ணுக்கு மேடை தந்த பெருந்தகை." படத்தில் அண்ணை. அவருக்குப் பின்னால் அவளுடைய தோள் பாதி தெரிந்தது.

அடுத்த ஞாயிறு அவர் தொலைபேசியில் கூப்பிட்டார். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

"பிள்ளை, சித்திரை வருசத்துக்கும் அதுமாதிரி ஒண்டு எழுதித் தாவன்."

"எழுதுறன் அண்ணை. வாசிக்கப்போறதும் நான்தான்."

அவர் உண்மையாகவே விளங்காமல் கேட்டார், "அப்ப நான் என்ன செய்யிறது?"

"கேளுங்கோ" என்றாள்.