கட்டைவிரல் கறை

எங்கள் பட்டறையில் தையல் மெஷின் பாகங்களுக்குப் புளூயிங் போடுகிறோம். இரும்பைக் கொதிக்கிற உப்புக் கரைசலில் முக்கி எடுத்தால் நீலம் பாய்ந்த கறுப்பு ஏறும், துரு அண்டாது. தொட்டி என் பொறுப்பு. தொட்டிக்கு வருமுன் பாகங்களைப் பிசுக்கில்லாமல் கழுவித் தருவது சோப்பு அண்ணன். அவர் டீ கிளாசைக்கூட ஒரு தடவை கழுவிவிட்டுத்தான் வாய் வைப்பார், அதனால் அந்தப் பேர்.

பாகத்தைத் தின்னரில் பிரஷ் போட்டுத் தேய்ப்பார். சுடு காஸ்டிக் சோடாத் தண்ணீரில் போட்டு எடுத்து நல்ல தண்ணீரில் அலசுவார். தண்ணீர் இரும்பின்மேல் ஒரே பாயாக விரிந்து நின்றால் சுத்தம். முத்து முத்தாகத் திரண்டால் எண்ணெய் இருக்கிறது, திரும்பத் தேய்க்க வேண்டும். அவர் கழுவினதில் முத்துத் திரண்டு நான் பார்த்ததே இல்லை.

அப்பேர்ப்பட்டவர் அனுப்பிய சரக்கில் கறை வந்தது. ஒவ்வொரு பாகத்திலும் ஓரமாகச் செம்பழுப்பில் ஒரு திட்டு. வாங்கினவர்கள் திருப்பி அனுப்பினார்கள். அடுத்த சரக்கும் அப்படியே திரும்பியது. சூப்பர்வைசர் நேரே அவரிடம் போனார்.

"என்னய்யா, கழுவுறியா, தண்ணி காட்டுறியா?"

"நீங்களே பாருங்க சார்." அலசின பாகத்தைத் தூக்கிக் காட்டினார். தண்ணீர் பாயாகத்தான் நின்றது.

"இன்னொரு தடவை திரும்பி வந்தா உன்னை நிறுத்தச் சொல்லிட்டார் முதலாளி. அப்புறம் என்கிட்ட வந்து அழாதே."

கறைபட்ட பாகங்களை நான் வரிசையாக வைத்துப் பார்த்தேன். எல்லாம் ஒரே இடம். அலசி முடித்துக் கம்பியில் மாட்டும்போது பிடிக்கிற இடம்.

"அண்ணே, கிளவுஸ் போட்டுத்தானே மாட்டுறீங்க?"

"பின்ன? வெறுங்கையில தொட நான் என்ன நேத்து வந்தவனா?"

"அந்தக் கிளவுஸோட ஜன்னல் கண்ணாடியை அழுத்துங்க."

அழுத்தினார். துணியின் நெசவோடு சேர்ந்து கட்டைவிரல் மங்கலாகப் பதிந்தது. எண்ணெய்.

கிளவுஸைக் கழற்றினார். தின்னரும் காஸ்டிக்கும் தின்ற கை. விரல் விரலாக வெடிப்பு.

"உங்க அண்ணி வேலைடா. போன மாசத்துலேருந்து, படுக்கும்போது கைக்கு எண்ணெய் போட்டு விடுறா. காலைல சோப்புப் போட்டுத் தேச்சுட்டுத்தான் வர்றேன். வெடிப்புக்குள்ள இறங்கினது போகுமா? சூட்டுல நின்னா கசியுது."

அந்தச் சூடு தாங்குகிற ரப்பர் கிளவுஸ் எங்கள் கூலிக்கு எட்டாது. கம்பெனியில் வாங்கித் தரச் சொல்லிக் கேட்கப் போனேன். "கழுவத் தெரியாதவனுக்கு அது ஒண்ணுதான் குறைச்சல்" என்றார் சூப்பர்வைசர். நிறம் ஏறின பாகங்களைக் கடைசியில் எண்ணெயில் முக்குகிற வேலை ஒன்று உண்டு. அதற்காவது அவரை மாற்றுங்கள் என்றேன். அந்த ஸ்டூலில் முதலாளியின் மச்சான் சுவரில் சாய்ந்து கண்மூடி இருந்தார்.

"அவரை அங்கேருந்து எழுப்ப நீயும் நானும் யாரு?"

வேறு வழியில்லாமல் அண்ணன் வீட்டில், காரணம் சொல்லாமல், எண்ணெய் வேண்டாம் என்றிருக்கிறார். "ஏன், என் கை பட்டா உங்களுக்குக் கசக்குதா?" என்று அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். வாரம் முடிவதற்குள் வெடிப்பெல்லாம் வாய் திறந்துவிட்டது. ரத்தம் துணியில் ஊறிப் பாகத்தில் ஏறியது. அதை அவர் பார்த்தார், நானும் பார்த்தேன். திரும்பத் திரும்பக் கழுவினார். மாட்டும்போது மறுபடியும் ஒட்டியது. அந்தச் சரக்கும் திரும்பி வந்தது. மறுநாளிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். கட்டிலில் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அண்ணி தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு விரலாக எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"வாங்க தம்பி. வேலை போனது நல்லதுக்குத்தான்னு நெனச்சுக்கறேன். நான் இதைத் தடவித் தடவித்தான் இத்தனை நாளாவது வேலைக்குப் போனார். எதுக்கு நிறுத்தினாங்களாம்? கேட்டா வாயே திறக்க மாட்டேங்கறார்."

அண்ணி தலைக்கு மேலாக அண்ணன் என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று தலையைக்கூட ஆட்டவில்லை. பார்த்தார், அவ்வளவுதான்.

"என் தொட்டியில கோளாறு அண்ணி."

அண்ணியின் கை நின்றது. "அப்ப உங்களைல்ல நிறுத்தியிருக்கணும்?"

"ஆமா அண்ணி" என்றேன்.