வெறும் தட்டு

ஆய்வகத்தில் அவளுக்கு 'சால்வை அக்கா' என்று பட்டப்பெயர். மூன்று வருடங்களுக்கு முன் பிளாஸ்டிக் ஆலையின் கழிவுநீரில் பிளாஸ்டிக் துகள் இருக்கிறதா என்று சோதித்த அன்று, பக்கத்தில் வெறும் கண்ணாடித் தட்டு ஒன்றைத் திறந்து வைக்க மறந்துவிட்டாள். அறைக்காற்றில் துணிகளிலிருந்து உதிர்ந்த எத்தனை இழை பறக்கிறது என்பதை அந்தத் தட்டுதான் காட்டிக்கொடுக்கும். அது இல்லாத சோதனை செல்லாது. மாசுக் கட்டுப்பாட்டு வாரிய விசாரணையில் ஆலை மேலாளர் அவளுடைய பாலியெஸ்டர் சால்வையைக் காட்டி, "தண்ணியில இருக்கிறது எங்க பிளாஸ்டிக் இல்லைங்க, இந்தம்மா துணியில உதிர்ந்தது" என்றார். அதிகாரி உட்பட அத்தனை பேரும் சிரித்தார்கள்.

அவளுடைய அண்ணனுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆலைத் தண்ணீர் கடலில் விழும் இடத்துக்குப் பக்கத்தில்தான் அவன் கயிறு கட்டிச் சிப்பி வளர்த்தான். வெறும் துகளோடு போயிருந்தாலும் பரவாயில்லை. அதிலிருந்து கசிந்த ரசாயனம் சிப்பிச் சதையில் ஏறிவிட்டது. வாங்குகிறவர்கள் கைவிரித்தார்கள். வயிற்றுப்பாட்டுக்கு அவன் அதே ஆலையில் காவலாளி ஆனான். மேலாளரின் காருக்கு அவன் கதவு திறந்துவிடுவதை நினைத்தாலே அவளுக்கு வயிறு எரியும்.

அந்த ஆளைச் சும்மா விடுவதில்லை என்று கறுவிக்கொண்டாள். பருத்திச் சேலை, கண்ணாடிக் குப்பி, எவர்சில்வர் வாளி. நாற்பது முறை தண்ணீர் எடுத்தாள். நாற்பது முறையும் பக்கத்தில் தட்டு வைத்தாள். விஷயம் காதுக்கு எட்டியதும், உன் அண்ணனை மேற்பார்வையாளர் ஆக்குகிறோம் என்று ஆலைக்காரர்கள் நூல் விட்டுப் பார்த்தார்கள். அவள் அசையவில்லை. ஆனால் அண்ணனிடம் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"மூடிட்டாங்கன்னா உன் வேலையும் போயிடும்ண்ணே."

"போனா போகுது. இந்தத் தடவை தட்டு வெச்சியா இல்லையா, அதைச் சொல்லு."

இரண்டாவது விசாரணையிலும் மேலாளர் சால்வைக் கதையை அவிழ்த்துவிட்டார். அவர் முடிக்கும்வரை பொறுத்திருந்தாள். அப்புறம் நாற்பது தட்டுகளின் பதிவையும் மேசையில் பரப்பினாள்.

"தட்டுக்கு ரெண்டு இழை. உங்க தண்ணியில லிட்டருக்குத் தொள்ளாயிரம் துகள். அதுவும் என் துணிதானா சார்?"

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. அவர் முகம் செத்துப்போனதைக் கண்குளிரப் பார்த்தாள்.

வடிகட்டி பொருத்தும்வரை ஆலைக்கு சீல். சீல் வைக்கும் அன்று வெளியே நின்ற மேலாளர், பையை உள்ளேயே மறந்துவிட்டதாகவும் ஓடிப்போய் எடுத்துவரும்படியும் அண்ணனிடம் சொன்னார். அண்ணன் நிதானமாகப் பூட்டை அழுத்தி, சாவியை அதிகாரியிடம் கொடுத்தான். பிறகு தலையில் இருந்த காவலாளித் தொப்பியைக் கழற்றி மேலாளரின் கையில் வைத்தான்.

"இனிமே நீங்க நில்லுங்க சார்."