தெப்பக்குளத்துக்குள் ஒரு பெண்கள் கால்பந்துக் குழு

சம்பளம் கொடுத்துப் பெண்களைப் பந்தாட வைக்கும் தொழிலில் லாபம் பார்த்தவர் யாரையும் நான் சந்தித்ததில்லை. மதுரைப் பக்கம் அதில் இறங்கியவனே நான் ஒருவன்தான். எழுபதுகளின் கடைசியில், அச்சாபீஸ் வேலையோடு வேலையாக அந்தக் குழுவை ஆரம்பித்தேன். கோயில் கமிட்டி, தெருச் சங்கம், வாசகசாலை என்று எதற்காவது செயலாளராக இருந்து தூக்கம் கெட்டவர்களுக்கு மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் கேளுங்கள்.

சம்பளம்

ஒத்தக்கடையில் அரிசி ஆலை வைத்திருந்த ஒரு முதலாளியைப் பிடித்தேன். ரொக்கம் கிடையாது, ஆளுக்கு மாதம் ஒரு மூட்டை அரிசி தருகிறேன் என்றார். மறுநாள் ஆலை வாசலில் கூடிய கூட்டத்தைப் பார்த்து மேலூர் பஸ்கள் ஒதுங்கி வயலுக்குள் இறங்கிப் போயின என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். நானும் வற்புறுத்த மாட்டேன். வந்தவர்களில் பாதிப் பேர் ஆண்கள். கடைசியில், பந்தைக் கண்டு ஒதுங்காதவர்கள் என்று பத்துப் பெண்கள் தேறினார்கள்.

மகளை என் பக்கம் தள்ளிவிட்ட ஒரு அம்மா தணிந்த குரலில் கேட்டார்: "பந்து உதைக்கிறதெல்லாம் இருக்கட்டும் தம்பி, அரிசி பழசா, புதுசா?"

பஸ் கூரையில் ஒரு கோலி

பத்துப் பேர் கிடைத்தும், கோல் வாசலில் நின்று பந்தைப் பிடிக்கிற கோலி கிடைக்கவில்லை. சோழவந்தானுக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனவன், பஸ் கூரைமேல் மாரிக்கண்ணுவைப் பார்த்தேன். கீழே அவள் அப்பா சின்னக்கருப்பன் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் வெற்றிலைக் கட்டுகளை வீசிக்கொண்டிருந்தார். மேலே அவள் ஒன்றைக்கூடத் தவற விடவில்லை. அன்று ஒரு சைக்கிளைத் தூக்கி வீசியிருந்தாலும் பிடித்திருப்பாள்.

அரிசிக்கு மயங்குகிற ஆள் இல்லை சின்னக்கருப்பன். வெற்றிலைக் கொடிக்காலில் அவருக்குக் கைக்கு ஆள் வேண்டும். நான் நடையாய் நடந்ததைப் பார்த்துக் கடைசியில் இறங்கி வந்தார்: "ஒரே ஒரு ஆட்டம் வந்து பாப்பேன். சரிப்படாதுன்னு தோணுச்சுன்னா அன்னைக்கே பொண்ணைக் கூட்டிட்டுப் போயிருவேன். அப்புறம் எங்க வீட்டுப் பக்கம் நீங்க வரப்படாது."

அளவு

ஆட்டச் சட்டை தைக்க டவுன்ஹால் ரோட்டில் ஒரு பாயிடம் போனோம். அரைக்கால் சட்டையின் நீளம் பற்றி ஒவ்வொரு தாயாருக்கும் ஒரு கருத்து இருந்தது. ஒருவர் கணுக்கால் வரை வேண்டும் என்றார். வாக்குவாதம் முடிகிற வழியாகத் தெரியவில்லை. பாய் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"நிக்கிறதுக்கும் உக்கார்றதுக்கும்தாம்மா நான் இம்புட்டு நாளும் அளவெடுத்திருக்கேன். இந்தப் பிள்ளைகள ஒருவாட்டி தெருவுல ஓடிக் காட்டச் சொல்லுங்க, அப்புறம் பேசுவோம்."

மைதானம்

பெண்கள் ஆட்டம் என்றதும் மைதானம் வைத்திருந்தவர்களெல்லாம் நல்ல நாள் பார்த்துச் சொல்கிறேன் என்றார்கள். அந்த நல்ல நாள் வரவே இல்லை. வண்டியூர்த் தெப்பக்குளம் அப்போது வறண்டு கிடந்தது. உள்ளே இறங்கி, சுவரை ஒட்டிக் கோடு கிழித்தோம். எவ்வளவு ஓங்கி உதைத்தாலும் பந்து சுவரில் பட்டுத் திரும்பி வந்துவிடும். எடுத்துவர ஆள் வேண்டாம். எங்கள் பெண்கள் அதையே வித்தையாக்கினார்கள். பந்தைச் சுவரில் அடிப்பது, எதிராளியைத் தாண்டி ஓடுவது, திரும்பி வருவதை வாங்கிக்கொள்வது. எனக்கு ஒரே பெருமை. ஆடு மேய்க்க வந்த ஒருவர் மட்டும் ரொம்ப நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஏண்ணே, ஒரு பக்கத்துக்குப் பதினோரு பேருன்னீக. செவுரையும் சேத்தா பன்னெண்டுல்ல வருது?"

நான் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது.

மாரிக்கண்ணு

அவள் முதல் பஸ்ஸில் வருவாள். எல்லாருக்கும் முன்னால் குளத்தில் இறங்கிவிடுவாள். ஒருநாள் அவளிடம் கேட்டேன், அரிசிக்காகவும் வரவில்லை, பேருக்காகவும் வரவில்லை, பின் எதற்கம்மா இந்தப் பாடு என்று. கையிலிருந்த பந்தைத் தட்டிக்கொண்டே சொன்னாள்: "கொடிக்காலுக்குள்ள எந்நேரமும் குனிஞ்சேதான் நடக்கணும் சார். இங்கன நிமிந்து நிக்கலாம்."

முதல் ஆட்டம்

தை மாதம் தெப்பத் திருவிழாவுக்குக் குளத்தில் தண்ணீர் விட்டுவிட்டார்கள். எனவே முதல் ஆட்டத்தை ஆலைக்குப் பின்னாலிருந்த பொட்டலில் வைத்தோம். கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து கல்லூரிப் பெண்கள் வந்திருந்தார்கள். சின்னக்கருப்பன் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உமிக் குவியலோரம் உட்கார்ந்தார்.

எங்கள் பெண்கள் பழக்கப்படியே பந்தை ஓரத்துக்கு ஓங்கி அடித்தார்கள், முன்னால் ஓடினார்கள், திரும்பி நின்று காத்திருந்தார்கள். பந்து கடலைக் காட்டுக்குள் போய்க்கொண்டே இருந்தது. சுவர் இல்லை என்பது தலைக்குத் தெரிந்தது, காலுக்குத் தெரியவில்லை. ஆட்டம் முழுவதும் மாரிக்கண்ணுவை நோக்கியே வந்தது. விரல் வீங்கி, முழங்கை தோலுரிந்து, முடிந்ததையெல்லாம் பிடித்தாள். விசில் ஊதும்போதெல்லாம் அவள் கண் உமிக் குவியல் பக்கம் போனது. எத்தனை கோல் வாங்கினோம் என்று சொல்ல மாட்டேன், போட்டது ஒன்றுமில்லை.

ஆட்டம் முடிந்ததும், யாரும் சொல்லாமலே அவள் முகம் கழுவி, மாற்றுத் துணியைப் பையில் திணித்துக்கொண்டு அப்பா பக்கத்தில் போய் நின்றாள். மற்றப் பத்துப் பேரும் தள்ளி நின்றார்கள். இன்னொரு கோலிக்கு நான் எங்கே போவேன்? எதையாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்று வாயைத் திறந்தேன். என் ஆயுளில் பொய் வராமல் நின்றது அந்த ஒரு தடவைதான்.

சின்னக்கருப்பன் மகளின் கையைப் பிடித்து, வீங்கிய விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டார்.

"ஒரு ஆட்டம் பாத்துட்டு முடிவு சொல்றேன்னேன். இன்னைக்கு எங்க ஆடுனாக, எம் மகளத் தவிர எல்லாரும் பந்த வழியனுப்பிட்டுல்ல நின்னாக? ஒழுங்கா ஒரு ஆட்டம் போடுங்க, வாரேன்."

அதற்குப் பிறகு அவர் வராத ஆட்டமே கிடையாது என்றாலும், ஒழுங்கான அந்த ஒரு ஆட்டத்தை இன்னும் பார்க்கவில்லை என்றே கடைசிவரை சாதித்ததால், சரியாக ஆடத் தெரியாத புண்ணியத்திலேயே எங்கள் குழு பல வருஷம் உயிரோடு இருந்தது.