புள்ளி நான்கு மைக்ரோசெகண்ட்

தங்கை இறந்து பன்னிரண்டு நாள் கழித்து அவள் வேலைக்குத் திரும்பினாள். வாசல் காவலாளி எழுந்து நின்று பதிவேட்டை நகர்த்தி வைத்தார். கையெழுத்துப் போட்டாள். அவள் எப்போது அழுவாள் என்று வீட்டில் எல்லோரும் காத்திருந்தார்கள், அவளும்தான் காத்திருந்தாள். அழுகை வரவில்லை.

பதினாறு வருடமாக அவளுக்கு ஒரே வேலை. மழையைக் கண்காணிக்கும் ரேடார்களுக்கு அந்தத் தொழிற்சாலை, அலையின் பலத்தைக் கூட்டும் பெருக்கிகள் செய்கிறது. உள்ளங்கை அகலப் பெட்டிகள். ஒவ்வொன்றையும் நெட்வொர்க் அனலைசர் என்ற அளக்கும் கருவியில் மாட்டி, தேறியதா இல்லையா என்று சொல்ல வேண்டியவள் அவள். அந்தப் பெட்டிகளைத் தொடர்ந்து ஓடவிட்டால் கருகிவிடும். பத்து மைக்ரோசெகண்ட் துடிப்பு, நீண்ட ஓய்வு, மறுபடி துடிப்பு. அந்தப் பத்துக்குள், பெட்டி முழு பலத்துக்கு வந்த பிறகு, நடுவில் இரண்டே மைக்ரோசெகண்ட் கருவி எட்டிப் பார்க்க வேண்டும். அதற்கு நேரம் குறித்துக் கொடுப்பதில் அவளை அடித்துக்கொள்ள அங்கே ஆள் கிடையாது.

மேசையோரம் சிவப்புச் சீட்டு ஒட்டிய பெட்டிகள் அடுக்கியிருந்தன. நாற்பத்தொன்று.

"எல்லாம் ஃபெயில்க்கா," என்றாள் அவளுக்குப் பதிலாக உட்கார்ந்திருந்த பெண். "சால்டரிங் சரியில்லைன்னு மேனேஜர் சொல்றாரு. லென்ஸைக் கிடங்குக்கு அனுப்பிட்டாங்க."

லென்ஸ் என்பது, பாகங்களை ஈயத்தால் பற்றவைக்கும் சால்டரிங் பிரிவிலிருந்த பெரியவரின் பட்டப்பெயர். பூதக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, அதையே மேசை மேசையாகத் தேடுவார்.

அவள் தாள்களைப் புரட்டினாள். ஓரிரண்டைத் தவிர எல்லாவற்றிலும் வெளிவரும் பலம் ஒரே அளவுக்குக் குறைந்திருந்தது.

"சால்டரிங் கெட்டா ஒண்ணொண்ணும் ஒவ்வொரு மாதிரி கெடும். இத்தனையும் அச்சுல வார்த்த மாதிரியா கெடும்? காலையில மாதிரிப் பெட்டியைப் போட்டுப் பார்த்தியா?"

"எந்தப் பெட்டிக்கா? எனக்கு யாரும் சொல்லலையே."

இழுப்பறையிலிருந்து அதை எடுத்து மாட்டினாள். நல்லதென்று எப்போதோ உறுதியான பெட்டி அது. அதுவும் அதே அளவு குறைத்துக் காட்டியது.

பிறகு துடிப்பின் வடிவத்தைத் திரையில் காட்டும் அலைக்காட்டியை இணைத்தாள். துடிப்பு இன்னும் மேலே ஏறிக்கொண்டிருக்கும்போதே கருவி அளக்கத் தொடங்கிவிட்டது. துடிப்பு தொடங்கி எவ்வளவு தாமதித்து அளக்க வேண்டும் என்று குறிக்கும் கட்டத்தில் நான்கு இருக்க வேண்டிய இடத்தில் புள்ளி நான்கு. சேமித்த தேதியைப் பார்த்தாள். தங்கை இறந்த அந்தத் தேதி. காலை பதினொன்று பத்து. எண்ணைத் தட்டிக்கொண்டிருந்தபோதுதான் தங்கையின் கணவர் ஃபோனில், "அக்கா, உடனே வாங்க," என்றார். எதையோ அழுத்திவிட்டு எழுந்து ஓடியிருக்கிறாள்.

சத்தமில்லாமல் திருத்தியிருக்கலாம். ஒருவரும் தேதியைத் தேடிப் பார்க்கப்போவதில்லை. பயம் வருகிறதா என்று பார்த்தாள், அதுவும் வரவில்லை. அந்த அமைப்பைத் தாளில் அச்செடுத்துக்கொண்டு மேனேஜர் அறைக்கு நடந்தாள்.

"பெட்டியில கோளாறு இல்ல சார். தப்பு என்னோடது."

"நீங்கதான் லீவுல இருந்தீங்களே?"

"நான் போட்டுட்டுப் போன அமைப்பு. நாலுக்குப் பதிலா புள்ளி நாலு."

அவள் நீட்டிய தாளில் தேதியைப் பார்த்ததும் அவர் குரல் இறங்கிவிட்டது. "அன்னைக்கா... விடுங்கம்மா. மென்பொருள் குளறுபடின்னு எழுதிக்கலாம்."

"வேணாம் சார். என் பேர்லயே எழுதுங்க. கிடங்குக்கு அனுப்பினவரை நீங்களே கூப்பிட்டுச் சொல்லிடுங்க."

மறுபடி அளக்க இரண்டு நாள் பிடித்தது. முப்பத்தொன்பது தேறின. இரண்டு மட்டும் தேறவில்லை. கிடங்கிலிருந்து திரும்பிய லென்ஸ் அவற்றைக் கண்ணருகே பிடித்துப் பார்த்து, "இது ரெண்டும் நான் கெடுத்ததுதான்," என்று எடுத்துப்போனார்.

மதியம் அவள் மேசைக்கு மறுபடி வந்தார்.

"ஒன்பது நாள் அட்டைப்பெட்டி தூக்கினேன். உங்க மேல கோபம் இருக்கும்மா. இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேன்."

"இருக்கட்டும்ணே."

"சாப்டீங்களா?"

அவள் யோசித்தாள். "தெரியலண்ணே."

அவர் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தார். அவளுடைய டப்பாவைத் திறந்து அவள் பக்கம் தள்ளினார்.  அவள் பாதிவரை தின்றாள். உப்பு இருந்ததா இல்லையா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவர் எழுந்து போனதும் கையைக் கழுவிவிட்டு வந்து, அடுத்த பெட்டியை மாட்டினாள்.