அன்ரிக்காகக் கட்டிய தொட்டில்

கனடாவில், மல்வேர்ன் பகுதியில் நாங்கள் வாடகைக்கு இருந்த மாடிக் கட்டடத்தில், எங்கள் கதவுக்கு நேரெதிர்க் கதவு ஒரு கறுப்பினப் பெண்ணுடையது. பஸ் ஓட்டுவது அவர் வேலை. கலியாணம் கட்டவில்லை, பிள்ளைகளும் இல்லை. நான் அவரை அன்ரி என்று கூப்பிட்டேன். என் சித்தப்பா வேறொரு சொல் சொல்லுவார். அம்மாவின் கையில் செபமாலை இருக்கும் நேரம் மட்டும் அந்தச் சொல் அவர் வாயில் வராது.

மன்னாரில் ஐந்தாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த என்னை இங்கே கொண்டுவந்த புதிது. அம்மாவும் அப்பாவும் வேலையால் வரும்வரை நான் அன்ரி வீட்டில்தான் இருப்பேன். எங்கள் வீட்டில் ஊரிலிருந்து போன் வந்தாலும் அழுகை, வராவிட்டாலும் அழுகை. மாமாவைக் காணவில்லை என்று தேடிக்கொண்டிருந்த காலம் அது. அன்ரி வீட்டில் யாரும் அழுவதில்லை. சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு, றேடியோவை மெல்லமாகப் போட்டு, காலை வெந்நீரில் ஊறவைத்துக்கொண்டு கண்ணை மூடியிருப்பார். சனிக்கிழமைகளில் தலைமுடியைப் பிரித்து எண்ணெய் வைத்துப் பின்னவே அரைநாள் போகும். அதில் அவருக்கு ஓர் அவசரமும் கிடையாது.

"நீ உன்ர பாட்டில இரு, நான் என்ர பாட்டில இருக்கிறன்" என்பார். அவர் பேசியது ஆங்கிலம்தான். எனக்கு ஞாபகத்தில் வரும்போது எல்லாம் தமிழாகவே வருகிறது. கனடாவில் நான் பயமில்லாமல் நித்திரை கொண்ட முதல் இடம் அவருடைய சோபா.

வெள்ளிக்கிழமைகளில் அவர் பூ வாங்கி வந்து மேசையில் வைப்பார். யாருக்கு என்று ஒருநாள் கேட்டேன். "எனக்குத்தான்" என்றார். நான் அதை வீட்டில் போய்ச் சொன்னேன். அம்மா கறிச்சட்டியை இறக்கி வைத்துவிட்டு அழத் தொடங்கினார்.

"ஐயோ, தனக்குத் தானே பூ வாங்குறாவாம். கேட்டீங்களே இஞ்சை? அந்த மனுசிக்கு ஒரு நாதி இல்லையே."

"அவ சந்தோசமாத்தானே திரியிறா" என்றார் அப்பா.

"உங்களுக்கு உது விளங்காது."

அன்றிரவு தொடங்கி எங்கள் செபமாலையின் முடிவில் ஒரு மன்றாட்டுக் கூடியது. எதிர்வீட்டு அன்ரிக்கு ஒரு துணையும் குழந்தைப் பாக்கியமும் வேண்டும், மாதாவே. மாமா உயிரோடு திரும்ப வேண்டும் என்பதற்கு அடுத்ததாக அது வரும்.

ஆவணியில் எங்கள் ஆட்கள் பஸ் பிடித்து, நகரத்துக்கு வடக்கே ஒரு திருத்தலத்துக்குப் போவார்கள். அந்த வருடம் அம்மா அன்ரியையும் கூப்பிட்டார். அன்ரியும் வேதக்காரர்தான், சேர்ச்சில் பாட்டுப் பாடுகிறவர். லீவு எடுத்து, நீலச் சட்டையும் வெள்ளைத் தொப்பியுமாக வந்தார். அவ்வளவு ஆயத்தத்தோடு அவரை நான் அதற்கு முன் கண்டதில்லை. "அன்ரி, எங்கட றைவர் ஓட்டுறதைப் பாத்துப் பயப்பிடாதேங்கோ" என்று முன்சீற்றில் இருந்த ஓர் அண்ணை பகிடி விட்டார். அன்ரி வெறும் தரையில் காலால் பிறேக் அமத்திக் காட்டினார். பஸ் முழுக்கச் சிரித்தது. தன்னோடு பழக வேண்டும் என்றுதான் எங்களவர்கள் கூப்பிட்டார்கள் என்று அவர் நினைத்திருக்க வேண்டும்.

பூசை முடிந்ததும் அம்மா எங்களை ஒரு பைன் மரத்தடிக்குக் கூட்டிப்போனார். கைப்பையிலிருந்து சின்னத் தொட்டில் ஒன்றை எடுத்தார். என் பழைய சட்டைத் துணியில் தைத்து, உள்ளே ஒரு பிளாஸ்டிக் பொம்மையும் படுக்க வைத்திருந்தார். பிள்ளை வரம் கேட்டு மரத்தில் தொட்டில் கட்டுவது எங்கள் ஊர் வழக்கம்.

அன்ரி தொட்டிலை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "இது உனக்கு விளையாடவா?"

எனக்குப் பெருமை தாங்கவில்லை. "இல்லை அன்ரி, உங்களுக்கு. நீங்கள் தனிய இருக்கக் கூடாது, உங்களுக்குப் பிள்ளை வேணும் எண்டு நாங்கள் ஒவ்வொரு இரவும் மண்டாடுறனாங்கள்."

"ஒவ்வொரு இரவுமா?"

"ஓம்."

அன்ரி மரத்தடி வாங்கில் உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். பிறகு அம்மாவைப் பார்த்து நிதானமாகச் சொன்னார். அம்மாவுக்கு ஆங்கிலம் பேச வராதே தவிர, கேட்டால் விளங்கும்.

"என்ர அம்மா பெத்த மற்றப் பிள்ளையளை எல்லாம் நான்தான் வளத்தனான், நானே ஒரு சின்னப்பிள்ளையா இருக்கேக்க. பிறகு ஆண்டவரிட்ட ஒண்டுதான் கேட்டன், அமைதியா ஒரு வீடு. தந்தார். ஒவ்வொரு காலமையும் அவருக்கு நன்றி சொல்லிப்போட்டுத்தான் பஸ்ஸை எடுக்கிறன்."

அம்மா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு தேம்பினார். "பாவம், மனசை மறைக்கிறா" என்று என்னிடம் சொன்னார். எழும்பிப் போய்த் தொட்டிலைத் தானே கட்டினார்.

அதற்குப் பிறகு அந்த மனுசி என்ன சொல்லித்தான் தப்ப முடியும்? சந்தோசமாக இருக்கிறேன் என்றால் மறைக்கிறா. பேசாமல் இருந்தால் துக்கப்படுகிறா. திரும்பி வரும்போது கதை பஸ் முழுக்கப் பரவிவிட்டது. எங்கள் பெண்கள் ஒவ்வொருவராக வந்து அன்ரியின் பின்னிய தலையில் கை வைத்து, கர்த்தர் கைவிட மாட்டார் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவர் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே இருந்தார். என் கையை மட்டும் விடவில்லை.

பள்ளிக்கூடம் தொடங்கியதும் வழக்கம்போலக் கதவைத் தட்டினேன். திறந்தார். சோபாவில் இருக்கவும் விட்டார். ஆனால் நான் புத்தகத்திலிருந்து நிமிரும்போதெல்லாம் அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இண்டைக்கு வீட்டில போய் என்னைப் பற்றி என்ன சொல்லுவாய்?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. சில கிழமைக்குள், தான் களைத்துப்போகிறேன், பிள்ளையைப் பார்க்க வேறு யாரையும் ஒழுங்கு செய்யுங்கோ என்று அம்மாவிடம் சொல்லிவிட்டார். நான் சாவியைக் கழுத்தில் கொழுவிக்கொண்டு, ஒருவரும் இல்லாத வீட்டுக்கு வரப் பழகினேன். உள்ளே வந்து கதவைப் பூட்டிவிட்டு, அம்மா வரும்வரை கதவடியிலேயே இருப்பேன்.

முதல் பனி கொட்டிய கிழமை அன்ரி வீடு மாறிப் போனார். எங்கே என்று ஒருவருக்கும் சொல்லவில்லை. மாமாவும் வரவேயில்லை.

எனக்கு இப்போது கணவனும் மூன்று பிள்ளைகளும். செபமாலையை நான் ஒரு நாளும் விட்டதில்லை. அன்ரியின் பெயரைச் சொல்ல வாயெடுப்பேன். அவருக்காக என்ன கேட்பதென்று தெரியாமல் அடுத்த மணிக்குப் போய்விடுவேன்.

ஆனால் அன்ரி போன அந்த இரவு அம்மாவின் முகம் எவ்வளவு வெளிச்சமாக இருந்தது! "ஆரோ ஒரு நல்லவன் கூட்டிக்கொண்டு போயிட்டான். மாதா கேட்டிட்டா" என்று மெழுகுதிரி கொளுத்தினார். அவரை அப்படிச் சிரிக்கக் கண்டு எத்தனையோ காலம். நாங்கள் எல்லோரும் முழங்காலில் நின்று நன்றி சொன்னோம். நான்தான் உரத்துச் சொன்னேன். ஒரு மனுசி எங்கள் இரக்கத்துக்குப் பயந்து ஓடிப்போனதற்குத்தான் ஆண்டவருக்கு நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கு அப்போது தெரியாது.