ஸ்ரௌவ்வில் பாதையில் ஒரு W

காலை ஏழு மணிக்கு முன்பே ஸ்ரௌவ்வில் நிலையத்துக்குப் போய்விட வேண்டும். பிந்தினால் இலவசக் கார் தரிப்பிடத்தில் இடம் மிஞ்சாது. எங்கள் ஊரில் ஒரு பெட்டி பால் வாங்கவும் கார்தான். ஆனால் ரொறன்ரோவின் நடுவுக்குப் போவதென்றால் எனக்கு ரயில்தான் பிடிக்கும். ஐம்பது கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைந்த தூரம், ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடிய பயணம். வேலைக்குப் போய்வந்து அலுத்த அந்தப் பாதையை அன்று வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டுச் சீலனுக்குக் காட்டக் கூட்டிப்போனேன்.

சீலன் யாரென்று சொல்லிவிடுகிறேன். டோர்ட்மண்டில் இருக்கும் என் அக்கா தேடிப்பிடித்த மாப்பிள்ளை. மாப்பிள்ளைக்கு வயது ஐம்பத்தாறு, பெண்ணுக்கு, அதாவது எனக்கு, ஐம்பத்திரண்டு. என் கணவர் இறந்து பல வருடமாகிவிட்டது, அவருக்கு விவாகரத்து. ஜேர்மனியில் ரயில் ஓட்டுகிறார். ஒரு வருடமாகத் தொலைபேசியில் பேசிவிட்டு, லீவில் என்னைப் பார்க்க வந்திருந்தார். மறுநாள் திரும்பிப் போகிறார்.

மேடையில் நிற்கும்போது, என் முகத்தைப் பார்க்காமல் தண்டவாளத்தைப் பார்த்தபடி கேட்டார். "நான் வேலையை விட்டிட்டு இங்கயே வந்திடட்டோ? நீங்கள் ஓம் எண்டால் திங்கக்கிழமை எழுதிக் குடுத்திடுவன்."

நல்ல காலம், அப்போது பார்த்து ரயில் வந்துவிட்டது. ஏறிக்கொண்டேன்.

அவரைப் பிடிக்காமல் இல்லை. மிகவும் பிடித்திருந்தது. கறிக்கு வெங்காயம் வெட்டும்போதுகூட இரு கையையும் கவனத்தையும் அதிலேயே வைத்திருக்கிற மனிதர். ஆனால் முப்பது வருடம் ரயில் ஓட்டியவர் எனக்காக அதை விட்டுவிட்டு வந்து, ஆறு மாதத்தில் என் சோபாவில் இருந்து பெருமூச்சு விடத் தொடங்கினால்? அந்தப் பயம்தான் என் வாயைக் கட்டியது.

அது இரண்டு தட்டு ரயில். மேல்தட்டில் இருந்தோம். வேலை நேரத்து ரயிலில் மேல்தட்டில் சத்தம் போடக்கூடாது. ஆகவே சீலன் என் காதுக்குள்தான் பேசினார். அவர் வானத்தையோ வீடுகளையோ பார்க்கவில்லை. கன்னத்தைக் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு, பாதையோரத்துப் பலகைகளைப் பார்த்தார். ஜேர்மனியில் 8 என்று எழுதியிருந்தால் எண்பது கிலோமீற்றர் வேகமாம். H என்றால் ரயிலின் மூக்கு அந்த இடத்தில் நிற்க வேண்டுமாம்.

"தாண்டி நிண்டால்?" என்று கேட்டேன்.

"ஏற வேண்டிய பெட்டியைத் துரத்திக்கொண்டு சனம் ஓடோணும். ஓடிக்கொண்டே என்னை ஏசுங்கள்."

P என்றால் கார் தரிப்பிடம்தானே, அக்காவிடம் போனபோது கண்டேன், தண்டவாளக்கரைப் பற்றைக்குள் யார் காரைக் கொண்டுபோய் விடுவது என்று யோசித்தேன் என்றேன். சீலனின் தோள் குலுங்கியது. சத்தம் வராமல் சிரிக்க அவர் பட்ட பாட்டைப் பார்த்து எனக்கும் சிரிப்பு வந்தது. அது ஓட்டுநர் ஊத வேண்டிய இடமாம்.

மார்க்கம் நிலையம் தாண்டி, தெரு குறுக்கிடும் ஒரு கடவைக்கு முன்னால் வெள்ளைத் தகட்டில் கறுப்பாக W என்று நின்றது. ரயில் பேசாமல் போனது.

"உது என்ன, தெரியுமோ?" என்றார்.

எல்லாம் தெரிந்தவள் போல அவர் காதுக்குள் சொன்னேன். "வெயிற். பொறுங்கோ எண்டு."

"ஓ," என்றார். "சரி."

அதற்குப் பிறகு யூனியன்வில் வந்தது, அஜின்கோர்ட் வந்தது, ரொறன்ரோவின் உயரக் கோபுரமும் வந்தது. சீலன் வாய் திறக்கவில்லை.

பத்து மணியளவில் சுரங்க ரயிலில் ஷேர்போன் போய், சென் ஜேம்ஸ் ரவுணில் நான் முதன்முதல் இருந்த கட்டடத்தைக் காட்டினேன். ஒரே அறையில் நாலு பேர், பழுதான லிஃப்ற், பதினேழாம் மாடி என்று என் வீரப்பிரதாபங்களை எல்லாம் அவிழ்த்துவிட்டேன். "நல்ல இடம்," என்றார். மத்தியானம் ஏரிக்கரையில் கோப்பி வாங்கிக் கொடுத்தேன். "நல்ல கோப்பி." பக்கத்துத் தெருத் தண்டவாளத்தில் ஸ்ரீட்கார் மணியடித்துக்கொண்டு போனது, அதையும் அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அப்போதுதான் எனக்குப் பயம் பிடித்தது. இந்த மனிதர் தண்டவாளத்தில் ஓடும் எதையும் பார்க்காமல் விடுபவரல்லர்.

ஐந்து மணிக்குப் பிறகு நகர நடுவில் உள்ள யூனியன் நிலையத்தில் திரும்பும் ரயிலுக்கு வந்தோம். சீலன் முன்னால் மேல்தட்டுக்கு ஏறிவிட்டார். வாசலில் நின்ற ரயில் ஊழியரின் சட்டையில் தமிழ்ப் பெயர் இருந்தது. காலையில் எந்தச் சொல்லோடு சீலனின் பேச்சு நின்றது என்று நாள் முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன்; அந்த W-வுக்குப் பிறகுதான் என்று பட்டதால் அந்த ஊழியரிடமே கேட்டேன்.

"தம்பி, லைன் கரையில W எண்டு நிக்குதே, உது வெயிற் தானே?"

"வெயிற்றா? நோ அன்ரி, விசில். குறொஸிங் வர முதல் டிரைவர் ஊதோணும். பட் சில இடத்தில நொய்ஸ் கூட எண்டு ஊதக்கூடாதெண்டு வச்சிருக்கினம். சோ, சைன் மட்டும் நிக்கும்."

படியேறும்போது எனக்கு எல்லாம் விளங்கியது. காலையில் அவர் கேட்ட கேள்விக்கும் நான் அந்த ஒரு சொல்லால் பதில் சொல்லியிருக்கிறேன்.

சீலன் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். நித்திரை இல்லை, நித்திரைபோல. கெனடி, மில்லிக்கன், யூனியன்வில். இப்போது கண்ணாடியோடு கன்னத்தை ஒட்டிக்கொண்டிருந்தது நான். கடவைக்கு முன்னால் வெள்ளைத் தகடு தெரிந்தது. ரயில் வழக்கம்போல ஊதவில்லை. நான் இரண்டு விரலை வாயில் வைத்து ஊதினேன். பள்ளிக்கூடத்து வலைப்பந்து மைதானத்தில் பழகியது, இன்னும் கைவிடவில்லை.

மேல்தட்டு முழுவதும் திரும்பியது. எதிர் இருக்கைப் பெண், சத்தம் போடக்கூடாது என்ற அறிவிப்பை விரலால் காட்டினாள். சீலன் பதறி எழும்பினார்.

"என்ன செய்யிறீங்கள்?"

"உது வெயிற் இல்லையாம். விசிலாம்."

"எனக்குத் தெரியும். றெயின் ஓட்டுறவனுக்கு ஊதுற சைன் போட் தெரியாதே? நீங்கள் வெயிற் எண்டு சொன்னனீங்கள். அதுதான் பேசாமல் இருந்திட்டன்."

அவர் பக்கம் திரும்பினேன். "இங்க வந்து, றெயின் இல்லாமல் என்ன செய்வீங்கள்?"

அவர் கண்ணாடிக்கு வெளியே கையைக் காட்டினார். "உங்களோட இதில ஏறி இருந்து சைன் போட் பாப்பன். நான் கேக்கிறன், நீங்கள் பிழையாச் சொல்லுங்கோ." பிறகு, மெதுவாக, "அப்ப, திங்கக்கிழமை எழுதிக் குடுக்கட்டோ?"

அடுத்த கடவை வந்துகொண்டிருந்தது. அதற்கு முன்னாலும் ஒரு வெள்ளைத் தகடு. எதிர் இருக்கைப் பெண்ணிடம் கையெடுத்து மன்னிப்புக் கேட்டுவிட்டு, மறுபடியும் விரலை வாயில் வைத்தேன்.